எட்டெழுத்து ஊருக்கு 42 பைட்

கள்ளக்குறிச்சி என்பதை விரல்விட்டு எண்ணுங்கள்: எட்டு எழுத்து. கணினிக்கோ அது 14 குறி. மெய்யின் புள்ளி, இகர உகரக் குறிகள் எல்லாம் அதற்குத் தனித்தனி. 'சி' என்றால் ஒரு ச, பக்கத்தில் ஓர் இகரக் குறி. அன்றாடத் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும் (பைட் என்பது நினைவகத்தின் சிறு அலகு, ஆங்கில எழுத்துக்கு ஒன்றே போதும்). ஆக, ஊர்ப்பெயருக்கு 42 பைட். அங்குள்ள மலையான கல்வராயனுக்கு 27.

இதே பைட் கணக்குதான் 2017இல் நிரலாளர்களைத் திணறடித்தது. லாராவெல் ஓர் இணையச் சட்டகம். அதாவது, இணையதளம் கட்ட ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல்தொகுப்பு. அந்த ஜனவரியில் வெளியான 5.4 பதிப்புக்கு மாறியவர்கள் புதிய அட்டவணை உருவாக்கப் போனால், பழைய பதிப்பு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் முரண்டு பிடித்தது: 'சாவி நீளம் அதிகம், உச்சவரம்பு 767 பைட்.'

பழைய குறியாக்க முறையில் ஒரு குறிக்கு 3 பைட்டுக்கு மேல் கிடையாது. அன்றாடத் தமிழுக்கு அது போதும். சிரிப்பு முகம் காட்டும் இமோஜிக்கோ 4 வேண்டும். அதனால் புதிய லாராவெல் நாலு பைட் முறைக்குத் தாவியது.

சிக்கல் சுட்டுவரிசையில். புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவுபோல, மின்னஞ்சல் முகவரியைச் சட்டென்று தேடித்தருவது அது; அதில் பதிவாகும் மதிப்பே 'சாவி'. முகவரிக்கு 255 குறி என்று ஒதுக்கினால் 255 × 3 = 765; மயிரிழையில் தப்பிக்கும். 255 × 4 = 1,020; தாண்டிவிட்டது! நீங்கள் இருபதே எழுத்து எழுதினாலும் தரவுத்தளம் உச்ச அளவையே கணக்கில் எடுக்கும். பிறகென்ன, நீளத்தை 191 ஆக்கும் ஒரே ஒரு வரியை நிரலில் சேர்த்தார்கள். எங்கிருந்தோ குதித்த எண் மாதிரி தெரியும்; 191 × 4 = 764.

நாலு பைட் வெறும் சிரிப்பு முகத்துக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். முந்திரி (1/320), காணி (1/80) முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் 2019 மார்ச்சில் யூனிகோட் என்னும் உலகப் பொது எழுத்துத்தொகுப்பில் ஏறின. ஒவ்வொன்றும் 4 பைட்! அதே ஆண்டு நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அந்தப் புது மாவட்டத்தின் பழைய நிலக்கணக்கை உள்ளது உள்ளபடி கணினியில் ஏற்ற நினைத்தால் மூன்று பைட் அட்டவணை காணிக் குறியை ஏற்காது.

என்னைக் கேட்டால் 191 ஓர் ஒட்டுப்போடும் வேலை. மைஎஸ்க்யூஎல் 5.7.7 முதல் வரம்பே 3,072 பைட். 1,020 தாராளமாக அடங்கும். தரவுத்தளத்தையும் சேர்த்தே புதுப்பியுங்கள். ஆனால் பழைய அட்டவணைகள் தாமாக நாலு பைட்டுக்கு மாறிவிடாது. ஒவ்வொன்றையும் கட்டளை கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். அதற்குமுன் மறக்காமல் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.