படகு ரேடியோவும் உங்கள் கம்ப்யூட்டரும்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் வழியே கோரைக்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் போன்ற ஊர்களின் ஃபைபர் படகுகள் கடலுக்குச் செல்கின்றன. கரையை விட்டுச் சில மைல்கள் போனதும் செல்போன் சிக்னல் நின்றுவிடும். அங்கே படகுக்குப் படகு பேச உதவுவது கையடக்க விஎச்எஃப் ரேடியோ, அதாவது நம் ஊரில் வாக்கி டாக்கி என்று சொல்லும் செட். புயல் எச்சரிக்கை வந்தாலும், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலை விட்டு விலகச் சொன்னாலும், செய்தி படகைச் சென்று சேர வேண்டும்.

இந்த செட்டுக்கும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இன்றைய ரேடியோ தானே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். எந்தச் சேனலில் எந்த அலைவரிசை, எத்தனை வாட் சக்தி, எந்தப் பட்டன் என்ன செய்யும் என்பதெல்லாம் அதன் மெமரியில் ஒரு பைலாக இருக்கிறது. இதனை "கோட்பிளக்" என்பார்கள். "செட் ரிப்பேர், யாரும் பேசுவது கேட்கவில்லை" என்று வரும் செட்டில் பல நேரம் பாகம் எதுவும் கெட்டிருக்காது. இந்தப் பைலில் ஒரு எண் தவறாக இருக்கும். அதைச் சரி செய்ய சால்டரிங் அயர்ன் வேண்டாம். ஒரு கேபிளும் சாப்ட்வேரும் போதும்.

புதியவர்கள் முதலில் தடுமாறுவது கேபிளில்தான். பார்த்தால் யுஎஸ்பி ஒயர் போல இருக்கும். ஆனால் அதன் தலைக்குள் யுஎஸ்பியை சீரியல் போர்ட்டாக மாற்றும் சிப் ஒன்று உள்ளது. விலை குறைந்த கேபிள்களில் பெரும்பாலும் புரோலிபிக் நிறுவனத்தின் பிஎல்2303 சிப் அல்லது அதன் போலி இருக்கும். போலிகளைத் தடுப்பதற்காக நிறுவனம் புதிய டிரைவரை மாற்றிவிட்டது. அதனால் கேபிளைச் செருகியதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியும் "கோட் 10" என்ற பிழைச் செய்தியும் வரலாம். பயப்பட வேண்டாம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அப்டேட் டிரைவர் கொடுத்து, கம்ப்யூட்டரில் உள்ள டிரைவர் பட்டியலிலிருந்து பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் வேலை செய்யும். போர்ட்ஸ் பகுதியில் காம் 3, காம் 4 என ஒரு எண் தெரியும். அதையே சாப்ட்வேரிலும் கொடுத்திட வேண்டும். அப்படியும் செட்டைப் படிக்க மறுத்தால், கேபிள் செருகும் இடத்தைப் பாருங்கள். கடற்கரை செட்டில் உப்பு படிந்து பின்கள் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ் அங்கே எந்த டிரைவரையும் விட நன்றாக வேலை செய்யும்.

சாப்ட்வேர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பலரும் பயன்படுத்துவது "சிர்ப்" என்னும் இலவச, ஓப்பன் சோர்ஸ் புரோகிராம். மோட்டோரோலா, ஐகாம் போன்றவற்றின் தொழில்முறை செட்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் சாப்ட்வேரே வேண்டும். எதுவானாலும் முதல் வேலை ஒன்றுதான்: செட்டில் இருப்பதைப் படித்து சேவ் செய்திடுங்கள். பைலுக்குப் படகின் பெயரும் தேதியும் கொடுத்திடுங்கள். அதன் பிறகே எழுதுங்கள். சிர்ப்பில் "டவுண்லோட்" என்றால் ரேடியோவிலிருந்து கம்ப்யூட்டருக்கு, "அப்லோட்" என்றால் கம்ப்யூட்டரிலிருந்து ரேடியோவுக்கு. இதை மாற்றிப் புரிந்துகொண்டு முதலிலேயே அப்லோட் செய்தால், செட்டில் இருந்த சேனல்கள் மறைந்துவிடும். எழுதும்போது பேட்டரி முழுமையாக சார்ஜ் ஆகியிருக்கட்டும்.

அதே மாடல்தானே என்று ஒரு செட்டின் பைலை இன்னொன்றில் அப்படியே கொட்டுவதும் ஆபத்து. தொழிற்சாலையில் ஒவ்வொரு செட்டையும் தனித்தனியே அளந்து எழுதிய திருத்த எண்கள் உள்ளே உண்டு. சில மாடல்களில் அவையும் சேர்ந்து அழிந்துவிடும். இந்த எண்களைத் திருத்துவதற்கென்றே "டியூனர்" போன்ற சர்வீஸ் சாப்ட்வேர்கள் தனியாக உள்ளன. உரிய அளவீட்டுக் கருவிகள் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அடுத்து, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். உலகம் முழுவதும் கடலில் ஆபத்து அழைப்புக்கு உரியது சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். இதில் பேச்சு பழைய அனலாக் எப்எம் முறையில்தான். டிஎம்ஆர் என்னும் டிஜிட்டல் செட்டில் அதே அலைவரிசையை எழுதி, சேனல் வகையை "டிஜிட்டல்" என்று விட்டுவிட்டால், பக்கத்திலேயே கப்பல் நின்றாலும் நம் குரல் அதன் காதில் விழாது. வெறும் இரைச்சல்தான் கேட்கும். கடலுக்கு மரைன் செட்டே வேண்டும் என்பது இதனாலும்தான். மரைன் செட்டிலும் ஒரு பொறி உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த செட்டில் சேனல் தொகுப்பு "யுஎஸ்ஏ" என்று இருக்கலாம். உதாரணமாக, சர்வதேச முறையில் சேனல் 22-ல் படகு 157.1 மெகாஹெர்ட்ஸில் பேசி 161.7-ல் கேட்கும். அமெரிக்க முறையில் பேசுவதும் கேட்பதும் 157.1-லேயே. ஒரே எண், இரண்டு பேர், பேச்சு சேராது. மெனுவில் "இன்டர்நேஷனல்" என மாற்றினால் போதும்.

சிவப்பு அவசரப் பட்டன் உள்ள செட்களில் டிஎஸ்சி என்ற டிஜிட்டல் வசதி இருக்கும். பட்டனை அழுத்திப் பிடித்தால் படகின் அடையாள எண்ணும், ஜிபிஎஸ் இணைந்திருந்தால் இருக்கும் இடமும், சேனல் 70 வழியே பறக்கும். எம்எம்எஸ்ஐ எனப்படும் இந்த எண்ணில் ஒன்பது இலக்கங்கள். இந்தியப் படகுகளுக்கு 419 என்று தொடங்கும். பல செட்களில் இதனை ஓரிரு முறைதான் பதிய முடியும். பிறகு மாற்ற சர்வீஸ் சாப்ட்வேர் உள்ள அங்கீகரிக்கப்பட்ட மையத்திற்குத்தான் போக வேண்டும். படகை விற்றுவிட்டு செட்டை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்தால், பழைய எண்ணும் கூடவே போகும். ஆபத்து நேரத்தில் மீட்புக்காரர்கள் கரையில் பத்திரமாக இருப்பவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். செகண்ட் ஹேண்ட் செட் வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

அனுமதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் வயர்லெஸ் செட்டுக்கு அரசின் உரிமம் வேண்டும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்தி செட்களுக்கு 2018-ன் விதிகள் விலக்கு அளித்தன. ஆனால் அவை கடலுக்கானவை அல்ல. 2025 மே மாதத்தில், ஆன்லைனில் வாக்கி டாக்கி விற்பவர்கள் அலைவரிசை, உரிமம் பற்றிய விவரங்களைக் காட்ட வேண்டும் என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கேபிளும் சாப்ட்வேரும் கையில் இருப்பதாலேயே காவல் துறை அலைவரிசையை எழுதிப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். அது குற்றம்.

எழுதி முடித்ததும், படகு கிளம்பும் முன் இரண்டு செட்களைத் தள்ளித் தள்ளி வைத்து, சேனல் 16-ஐ விட்டு, உரிமத்தில் அனுமதித்துள்ள வேறொரு சேனலில் பேசிப் பாருங்கள். சிவப்புப் பட்டனைச் சோதனைக்காக அழுத்தக் கூடாது. சேவ் செய்த பைலின் நகல் ஒன்றைப் பென் டிரைவில் போட்டுப் படகுக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை செட் வேறு யார் கைக்குப் போனாலும் உதவும்.