வளவன் கேட்ட நல்லுரை

உடல் வலிமையால் ஒருவன் வீரன் ஆகலாம். தலைவன் ஆதற்கு அது மட்டும் போதாது. எவரை எதிர்த்தல் வேண்டும், எவரை விடுத்தல் வேண்டும், எவரைக் காத்தல் வேண்டும் என்று பகுத்துணரும் அறிவும் வேண்டும். மாணவர் விரும்பிப் படிக்கும் படக்கதைகளிலும் இக்கருத்து வருவதுண்டு. தோள்வலி மிக்க இளைஞன் ஒருவன் வாளைச் சுழற்றிக்கொண்டு புறப்படுவான். நரைத்த தாடியுடைய முதியவர் ஒருவர் அவனைத் தடுத்து நிறுத்தி, ஆளும் முறையைக் கற்பிப்பார். அவ்வீரனும் அம்முதியவரும் கற்பனை மாந்தர். ஆயின், தமிழகத்தில் வாழ்ந்த வேந்தன் ஒருவன் அறிவின் மிக்க புலவர்பால் நல்லுரை கேட்ட செய்தி புறநானூற்றில் உள்ளது. அதனை இப்பாடத்தில் காண்போம்.

புறநானூறு நானூறு பாடல்களைக் கொண்ட தொகை நூல். ஏட்டுச்சுவடிகளில் மறைந்து கிடந்த அந்நூலை டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஆராய்ந்து 1894-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளிப்படுத்தினார். பாடல்களின் கீழே, பாடியவர் யார், பாடப்பட்டோர் யார் என்று கூறும் பழைய குறிப்புகள் உள்ளன. அவற்றால் நாம் அறியும் சோழ வேந்தருள் ஒருவன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன். துஞ்சுதல் என்பது ஈண்டு இறத்தலைக் குறிக்கும். குளமுற்றம் என்னும் இடத்தில் உயிர் நீத்தமையால் இவ்வேந்தன் அப்பெயரால் வழங்கப்பெற்றான்.

கிள்ளிவளவன் பெரு வீரன். அவன் ஒருகால் கருவூரை முற்றுகையிட்டான். ஆன்பொருநை ஆற்றங்கரையில் இருந்த காவல் மரங்களை அவன் படைஞர் கோடரியால் வெட்டி வீழ்த்தினர். மரம் வெட்டும் ஓசை கோட்டைக்குள் இருந்த அரண்மனை வரையில் சென்று ஒலித்தது. அவ்வொலியைக் கேட்டும் உள்ளே இருந்த மன்னன் வெளிவந்து போர் புரியவில்லை, இனிதே வீற்றிருந்தான். அப்பொழுது ஆலத்தூர் கிழார் என்னும் புலவர் வளவனை நோக்கி, கொல்வதும் விடுவதும் உன் விருப்பம். எது உன் பெருமைக்குத் தகும் என்பதை நீயே எண்ணிப் பார். மானம் இன்றி உள்ளே இருப்பவனோடு முரசு முழங்கப் போர் செய்தாய் என்று பிறர் கூறுதல் நாணத்தக்கது என்னும் கருத்துப்படப் பாடினார். வெல்லக்கூடிய போர் அனைத்தும் செய்யத்தக்க போர் ஆகா என்பது வளவன் கேட்ட முதற்பாடம்.

இரண்டாம் பாடம் உருக்கமானது. பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூரைச் சார்ந்த நாட்டை ஆண்டவர் மலையமான் மரபினர். அம்மரபில் வந்த மலையமான் ஒருவனுடைய மக்களை, பகைமை காரணமாக, யானையின் காலில் இட்டுக் கொல்லுமாறு வளவன் ஆணையிட்டான். மன்றத்தில் மக்கள் கூடினர். யானையும் வந்து நின்றது. அவ்விடத்தே கோவூர் கிழார் என்னும் புலவர் சென்று வேந்தன் முன் நின்றார்.

அவர் வேந்தனை இகழவில்லை. சிறுவர்க்காகக் காலில் விழுந்து கெஞ்சவும் இல்லை. ஒரு புறாவின் துயரைப் போக்கியவன் வழியில் வந்தவன் நீ என்று அவன் குலப்பெருமையை முதலில் நினைவூட்டினார். இச்சிறுவரோ, அறிஞரின் வறுமைக்கு இரங்கித் தம் உணவைப் பகிர்ந்தளித்தவர் மரபினர் என்று அடுத்துக் கூறினார். பின்னர் அவர் காட்டியது அச்சிறுவரின் முகங்களை. அவர்கள் யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்துவிட்டனர். ஆயினும், முன்பின் அறியாத கூட்டத்தைப் பார்த்து மருண்டு நிற்கின்றனர். தம்மைக் கொல்ல வந்த விலங்கு அது என்பதும் அறியாத இளம்பருவம் அது! இவ்வளவும் கூறி, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி நீ விரும்பியதைச் செய் என்று முடித்தார்.

சினம் கொண்டவன் கண்ணுக்குப் பகைவனின் குலம் மட்டுமே தெரிந்தது. புலவர் அவனுக்குக் குழந்தைகளைக் காட்டினார். சிறுவர் உயிர் பிழைத்தனர் என்று பழங்குறிப்புக் கூறுகிறது. படையும் யானையும் உடைய வேந்தன், ஒரு புலவரின் சொல்லுக்கு முன் தன் ஆணையைத் திரும்பப் பெற்றான். இது தோல்வி அன்று. தன்னைத் தானே வென்ற வெற்றியாம்.

மூன்றாம் பாடம் ஆட்சி முறையைப் பற்றியது. அதனைக் கற்பித்தவர் வெள்ளைக்குடி நாகனார். அரசனுடைய வெண்குடை வெயிலை மறைப்பதற்காக அமைந்தது அன்று. வருந்தும் குடிகளுக்கு நிழல் தருவதற்காக அமைந்தது என்று அவர் உரைத்தார். முறை வேண்டி வருவோர்க்கு அரசன் காட்சிக்கு எளியனாக இருத்தல், மழைத்துளிக்கு ஏங்கியோர்க்கு மழை பெய்தது போன்றது என்றார். படை பெறும் வெற்றியும் உழுபடைச் சாலில் விளைந்த பயனே என்றார். மழை தவறினாலும், விளைவு குன்றினாலும் உலகம் அரசனையே பழிக்கும். ஆதலின், புறங்கூறுவோர் சொல்லைக் கேளாது, எருதுகளைப் பேணும் உழவரைக் காத்து ஏனைக் குடிகளையும் காப்பாயாயின் பகைவரும் உன் அடி பணிவர் என்று அறிவுறுத்தினார்.

புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களில் பிறந்த மாணவர்க்கு இவ்வுரையை விரித்துக் கூற வேண்டுவதில்லை. சோழ நாட்டிற்கும் பாண்டிய நாட்டிற்கும் எல்லையாகக் கூறப்படும் வெள்ளாறு அம்மாவட்டத்தின் ஊடே செல்கிறது. எனினும், அங்குள்ள உழவருள் பெரும்பாலோர் மழையையும், மழைநீரைத் தேக்கி வைக்கும் குளங்களையும் கண்மாய்களையும் நம்பியே ஏர் பூட்டுகின்றனர். மழை பொய்த்த ஆண்டில் அத்தகைய உழவரிடம் வரி கேட்பது, வறண்ட கண்மாயில் நீர் இறைக்கச் சொல்வது போன்றதாம். நாகனார் இதனை வேந்தன் உள்ளத்தில் பதித்தார். அதன் பயன் என்ன? பழைய நிலத்திற்காகச் செலுத்த வேண்டியிருந்த இறையை அவர் பாடி நீக்கிக் கொண்டார் என்று பாட்டின் கீழுள்ள குறிப்புக் கூறுகிறது. கேட்ட அறிவுரை, கேட்ட அளவில் நின்றுவிடாமல் செயலாயிற்று.

இப்புலவர்களுக்குப் படை இல்லை, கோட்டையும் இல்லை. வேந்தன் சினந்தால் அவர்களைக் காப்பார் எவரும் இலர். எனினும், உண்மையை அஞ்சாது உரைத்தனர். பெரியோரைத் துணையாகக் கொள்ளுதல் பற்றித் திருவள்ளுவர் தனி அதிகாரமே வகுத்துள்ளார். புகழ்ந்து பேசுவோர் எவர்க்கும் எளிதில் கிடைப்பர். இடித்துரைப்போர் கிடைப்பது அரிது. தம்மை இடித்துரைப்போரை அருகில் வைத்துக்கொள்ளும் துணிவு, போர்க்களத்துத் துணிவினும் பெரியது அன்றோ?

கிள்ளிவளவன் தானும் பாட்டியற்ற வல்லவன். சிறுகுடி என்னும் ஊரில் வாழ்ந்த பண்ணன் என்னும் வள்ளலை அவன் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் உள்ளது. முட்டைகளைச் சுமந்துகொண்டு மேட்டு நிலத்தை நோக்கிச் செல்லும் எறும்பு வரிசை போல, கையில் சோற்றுடன் செல்லும் சிறுவர் கூட்டத்தை அதில் அவன் காட்டுகிறான். தான் வாழும் நாள்களையும் பெற்றுப் பண்ணன் வாழ்க என்று வாழ்த்துகிறான். முடியுடை வேந்தன், ஊர்த்தலைவன் ஒருவனுக்குத் தன் வாழ்நாளையே அளிக்க விழைகிறான்!

யானையின் முன் மருண்டு நின்ற சிறுவரையும், சோறு ஏந்திச் செல்லும் சிறுவரையும் ஒருங்கே எண்ணிப் பாருங்கள். முன்னவரைக் கொல்ல ஆணையிட்டவனும், பின்னவரைக் கண்டு மகிழ்ந்து பாடியவனும் ஒருவனே. ஒரே உள்ளத்தில் கொடுமைக்கும் இடம் உண்டு. அருளுக்கும் இடம் உண்டு. இவற்றுள் எது தலையெடுக்கும் என்பது, அவ்வுள்ளத்திற்கு உரியவன் எவர் சொல்லைக் கேட்கிறான் என்பதைப் பொறுத்ததாம்.