ரீட்டா மாத்திரையும் ஓசூர் ரோடும்: தெரியுமா?

ரிட்டாலின் என்ற மாத்திரைக்கு ஒரு மனைவியின் பெயர் என்பது தெரியுமா? 1944-ல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனியில் லியாண்ட்ரோ பானிசோன் அந்த மருந்தை முதன்முதலில் தயாரித்தார். டென்னிஸ் ஆடப் போகுமுன் அதைப் போட்டுக்கொண்ட மனைவி ரீட்டாவின் பெயரையே சூட்டிவிட்டார்! பிற்பாடு அது ஏடிஹெச்டி என்ற கவனக்குறைவுச் சிக்கலுக்குப் பேர்போன மருந்தானது. வேடிக்கை பாருங்கள், பெண் பெயர் கொண்ட மாத்திரை வெகுகாலம் பெரும்பாலும் பையன்களுக்கே போய்ச் சேர்ந்தது.

ஏனாம்? 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 மருத்துவக் கையேட்டின் கணக்கு இது: சிறுவயதில் ஒரு பெண்ணுக்கு 2 பையன்கள், பெரியவர்களில் 1.6 தான்! மேஜைமேல் ஏறிக் குதிக்கிறவன் டீச்சர் கண்ணில் படுவான். நோட்டு ஓரத்தில் கோலம் போட்டபடி எங்கோ பறக்கிறவள் படமாட்டாள். ‘சமர்த்து, கொஞ்சம் மறதி’ என்பதோடு சரி. பள்ளி முழுக்க அம்மாவின் அதட்டலும் மணியும் அவளை ஓட்டிவிடும். கல்லூரியில் ஸ்டடி லீவ் விட்டார்களோ, போச்சு!

அதற்காகப் படிப்பு வராது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பாட்ரிசியா க்வின்னுக்கே ஏடிஹெச்டி உண்டு! 1997-ல் கேத்லீன் நாடோவுடன் சேர்ந்து இப்படிப்பட்ட பெண்களுக்கென்றே ஒரு தேசிய மையம் தொடங்கினார்.

ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு ஆச்சரியம்: இதற்குச் சிகிச்சை தரும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் முகவரியே ஓசூர் ரோடுதான்! அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று நேரே போகவேண்டியதுதான். (சில்க் போர்டு டிராஃபிக்கில் யாருக்குத்தான் கவனம் நிற்கும்?) மருந்துச் சீட்டு மட்டும் இரண்டு பிரதி வேண்டும். ரிட்டாலின் வகை மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இருப்பதால் ஒரு பிரதியைக் கடைக்காரர் 2 வருடம் பத்திரப்படுத்தியாக வேண்டும்!

கொஞ்சம் கசப்பான செய்தியும் உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஹெச்டி இல்லை. அந்தப் பெயரை மட்டும் காட்டித் தேர்வில் கூடுதல் நேரம் வாங்குவது எளிதல்ல.

ஆனால் பக்கத்தில் இன்னொருவர் சும்மா உட்கார்ந்து வேலை பார்த்தாலே கவனம் நிற்கும் என்று வெளிநாட்டு ஏடிஹெச்டி பயிற்சியாளர்கள் சொல்லித்தருகிறார்களே ‘பாடி டபுளிங்’, அது நம் ஹாஸ்டல் கம்பைன் ஸ்டடிதான்! சிப்காட் ஷிப்ட் முடித்து வந்து அஞ்சல் வழியில் பட்டம் படிக்கிறவள் ஒரு பாயில், செமஸ்டருக்கு முட்டி மோதுகிறவள் இன்னொரு பாயில். நடுவில் ஒரே டீ ஃபிளாஸ்க்.