விருந்தும் மனம் வாடக்கூடாது, வீட்டாரும் வாடக்கூடாது

பள்ளி விடுமுறை தொடங்கினால் உறவினர் வருகையும் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் ஜூன் மாதத்தில் 4 வாரம், ஆண்டிறுதியில் சுமார் 6 வாரம் விடுமுறை. ஜொகூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் அக்காள் குடும்பம், சித்தப்பா குடும்பம் என்று வந்து இறங்குவார்கள். வரும்போது இருக்கும் மகிழ்ச்சி போகும்போதும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. "அடுத்த முறை ஹோட்டலில் தங்கிக்கொள்வோம்" என்று ஒரு குடும்பம் காரில் பேசிக்கொண்டு போனால், அங்கே ஓர் உறவு தளர்ந்துவிட்டது என்று பொருள்.

திருக்குறளில் 9வது அதிகாரம் விருந்தோம்பல். அதன் 10 குறள்களும் விருந்து படைப்பவருக்கே அறிவுரை சொல்கின்றன. வந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அங்கே குறள் இல்லை. ஆனால், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் இன்றைய வீட்டில் கடமை இரு தரப்புக்கும் உண்டு.

முதலில் நாள் கணக்கு

நாள் குறிக்காமல் வருபவர் என்று 'அதிதி' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்வார்கள். அந்தக் காலம் வேறு. இப்போது வரும் நாளோடு புறப்படும் நாளையும் சேர்த்துச் சொல்லிவிடுவதே மரியாதை. "எப்போது கிளம்புகிறீர்கள்?" என்று வீட்டார் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கேட்டால் மனத்தாங்கல் வரும். இரு நாட்டு விடுமுறையும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை. வந்த பிள்ளைக்கு விடுமுறை, வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வு என்ற நிலையும் ஏற்படலாம். ஆகவே, நாளைப் பேசி முடிவு செய்வது நல்லது.

வீட்டார் கவனத்திற்கு

வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வீவக நாலறை வீடு என்றால் ஊரில் இருப்பவர் 4 படுக்கையறை என்று நினைத்துக்கொள்வார். இங்கே வரவேற்பறையையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. படுக்கையறைகள் 3தான். "பிள்ளைகள் ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளட்டும், அத்தைக்கு அறை இருக்கிறது" என்று முன்பே சொல்லிவிட்டால் வந்த பிறகு யாருக்கும் ஏமாற்றம் இல்லை.

சிங்கப்பூருக்கு வரும் வெளிநாட்டினர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வருவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. கைப்பேசி பழக்கமில்லாத முதியவர்களுக்கு வீட்டாரே நிரப்பிக் கொடுத்தால், பயணத்திற்கு முன்பே உபசரிப்பு தொடங்கிவிடும்.

நீரிழிவு உள்ளவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார், சைவம் சாப்பிடுபவருக்குத் தனிப் பாத்திரம் வேண்டுமா என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வேளையும் விருந்து சமைத்துக் களைத்துப்போவதைவிட, ஒருவேளை இட்டிலி சட்டினியோடு உட்கார்ந்து பேசுவது மேல்.

இன்னொன்று, வருபவரிடம் சிகரெட் வாங்கி வரச் சொல்வது. சிங்கப்பூரில் சிகரெட்டுக்குத் தீர்வை விலக்கே இல்லை. மறைத்துக் கொண்டுவந்து சோதனைச்சாவடியில் பிடிபட்டால் அபராதம் விருந்தாளிக்குத்தான். சூயிங்கம் இறக்குமதிக்கும் 1992 முதல் தடை உண்டு.

விருந்தினர் கவனத்திற்கு

நீண்ட வார இறுதியில் பாலத்தில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாமதமானால், "நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள்" என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும். வீட்டார் பசியோடு காத்திருக்க வேண்டியதில்லை.

காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்குக் குளியலறையை முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும். படுக்கையை மடித்து வைப்பது, தட்டைக் கழுவுவது, ஒருநாள் சமையலை ஏற்றுக்கொள்வது, சந்தைச் செலவில் பங்கு கொடுப்பது எல்லாம் சிறியவைதான். ஆனால், வீட்டுப் பெண்ணின் தோளிலிருந்து பெரிய சுமையை அவை இறக்கிவைக்கும். மாமியார் மருமகள் பேச்சில் தீர்ப்பு சொல்லாமல் இருப்பதும் ஓர் உதவியே.

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டு வாகனங்களுக்கு ரோன்95 பெட்ரோல் விற்கக்கூடாது என்பது 2010 முதல் அங்குள்ள விதி. உறவினர் பெயரைச் சொல்லி அதை நிரப்பித் தரக் கேட்பது அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுவதாகும். வெள்ளியின் மதிப்பை வைத்து, "இவ்வளவு மலிவா!" என்று ஒவ்வொரு கடையிலும் வியப்பதும் வேண்டாம். அங்கே சம்பளம் வாங்குபவருக்கு அது மலிவு அல்ல.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது பழமொழி. நான்காம் நாளும் தங்க நேர்ந்தால் ஒரு வழி இருக்கிறது. விருந்தினர் தங்கள் பிள்ளைகளோடு வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அரை நாள் வெளியே போய் வரலாம். வீட்டாருக்கு ஓய்வு கிடைக்கும், பிள்ளைகளும் ஒருவரோடு ஒருவர் பழகுவார்கள். பாலத்தின் இரு பக்கமும் வளரும் அந்தப் பிள்ளைகள்தான் நாளை ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போக வேண்டும். இந்த விடுமுறைக்கு உறவினரை அழைக்க நினைப்பவர்கள், நாளைக் குறித்துக்கொண்டு இன்றே தொலைபேசியை எடுக்கலாம்.