காரல் மீனுக்குள் "லைட்" எரியுது! இருட்டில் மின்னினால் பயமா?

கரண்ட் போன ராத்திரி. அடுப்படியில் சட்டியில் வைத்த காரப்பொடி மீன் நீலமும் பச்சையுமாக மினுமினுக்கிறது. பார்த்தவர்களுக்கு அடிவயிறு கலங்கத்தான் செய்யும். "மீன்ல மருந்து அடிச்சிட்டானுங்களா? பாஸ்பரசா?" என்று கேட்பார்கள். சட்டியோடு குப்பையில் கொட்டுகிறவர்களும் உண்டு.

மருந்தும் இல்லை, பேயும் இல்லை. அந்த மீனின் உடம்புக்குள்ளேயே ஒரு விளக்கு இருக்கிறது!

திருமங்கலத்துக்கும் கடலுக்கும் 100 கிலோ மீட்டருக்கு மேல். இங்கே வந்து சேருவது ஐஸ் பெட்டி மீன், இல்லாவிட்டால் கருவாடு. அதில் மலிவான சரக்கு காரல். சின்னதைக் காரப்பொடி என்பார்கள். வெள்ளித் தகடு மாதிரி தட்டையாக இருக்கும். தொட்டால் கோழை வழவழக்கும். முள் ஜாஸ்தி. ஆனாலும் குழம்பு வைத்தால் ருசிதான்.

பாக் நீரிணை, மன்னார் வளைகுடா இரண்டிலும் கரையோரத்துச் சேற்றுத் தரையில் கூட்டம் கூட்டமாக மேயும். வாயைப் பிடித்து இழுத்தால் குழாய் போல நீளும். ஒரு இனத்துக்கு மேல் பக்கம், இன்னொன்றுக்குக் கீழ் பக்கம், வேறொன்றுக்கு நேராக! மண்டபத்தில் 1949 முதல் 1971 வரை தலைமையிடமாக இயங்கிய மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இந்த மீனைத் துருவித் துருவிப் பார்த்தவர்கள். அந்நிலைய விஞ்ஞானி பி.எஸ்.பி.ஆர். ஜேம்ஸ் 1975-ல் காரல் குடும்பத்தையே இனம் பிரித்துக் கட்டுரை எழுதினார்.

காரல் எல்லாம் சட்டிக்கு வருவதில்லை. இழுவலையில் இறாலோடு சேர்ந்து குஞ்சும் குளுவானுமாக மாட்டுவதில் ஒரு பங்கு, காய்ந்து கோழித் தீவனத்துக்குப் போய்விடுகிறது. மீனே தொடமாட்டேன் என்கிறவர்களும் முட்டை வழியாகக் காரலைத் தின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்!

குடியிருப்பது யார்?

மின்மினிப் பூச்சி தன் வெளிச்சத்தைத் தானே உண்டாக்குகிறது. காரலுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதன் உணவுக்குழலைச் சுற்றி வளையம் போல ஒரு உறுப்பு. அதற்குள் கோடிக்கணக்கான ஒளிக் கிருமிகள் குடியிருக்கின்றன. 1967-ல் விஞ்ஞானிகள் இதற்கு "போட்டோபாக்டீரியம் லியோக்னாதி" என்று பெயர் வைத்தார்கள். லியோக்னாதிடே என்பது காரல் குடும்பத்தின் பெயர். குஞ்சு பொரிக்கும்போது கிருமி இருக்காது. கடல் தண்ணீரிலிருந்துதான் குடியேறும். மீன் சோறு போடுகிறது, கிருமி வெளிச்சம் கொடுக்கிறது. அதுதான் வாடகை.

அந்த வெளிச்சம் காற்றுப்பைக்குள் போய், கண்ணாடி போன்ற அதன் உட்சுவரில் பட்டு வயிற்றுப் பக்கமாக இறங்குகிறது. எதற்கு இவ்வளவு ஏற்பாடு? கீழே இருந்து அண்ணாந்து பார்க்கும் பெரிய மீனுக்குக் காரல் கறுப்பு நிழலாகத் தெரியும். வயிறு லேசாக ஒளிர்ந்தால் மேலே இருக்கும் வெளிச்சத்தோடு நிழல் கரைந்துவிடும். ஆபத்துக்குத் தப்பலாம். வேண்டாதபோது மூடிக்கொள்ளத் திரை போன்ற தசையும் உண்டு. சில இனங்களில் ஆணுக்கு விளக்கு பல மடங்கு பெரிது. பெண்ணுக்குச் சைகை காட்டத்தான் என்கிறார்கள். கடலுக்குள்ளும் அந்தச் சங்கதி இருக்கிறது!

வாங்கலாமா, கூடாதா?

மீன் செத்த பிறகும் கிருமி சாவதில்லை. ஐஸ் கரைந்து, மேல்தோலில் ஈரமும் காற்றும் பட்டால் பெருகும், மின்னும். அந்த வெளிச்சம் விஷமல்ல. அடுப்பில் கொதித்தால் கிருமி செத்து அணைந்துவிடும்.

ஆனால் ஒன்று. ஒளிக் கிருமி பெருக நேரம் கிடைத்தது என்றால், கெட்ட கிருமிக்கும் அதே நேரம் கிடைத்திருக்கிறது. கெட்டுப்போன மீனில் ஊறும் சில விஷங்கள் கொதித்தாலும் போகாது. அதனால் மின்னுகிறதா என்று பார்ப்பதைவிடக் கண்ணையும் செவுளையும் பாருங்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். காரலுக்கு வயிறுதான் முதலில் போகும். வயிறு வெடித்திருந்தால், நாற்றம் தூக்கினால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். கருவாடானால் மொறுமொறுவென்று காய்ந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாளில் காரல் வந்தால், "நாட்டுப்படகு மீனா, பழைய ஐஸ் மீனா அண்ணாச்சி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் காசை எடுங்கள்.