எலக்ட்ரான் பகடை போட்டா, முடிவு என்னுடையதா?

இன்னைக்கு நிறைய பேர் கேட்ட ஒரு கேள்வி: குவாண்டம் உலகத்துல எதுவும் முன்கூட்டியே நிச்சயம் இல்லன்னா, நமக்கு சுதந்திர விருப்பம் இருக்குன்னுதானே அர்த்தம்?

கேள்வி எங்கிருந்து வருது? நியூட்டன் இயற்பியல்ல, எல்லாத் துகளோட இடமும் வேகமும் தெரிஞ்சா எதிர்காலத்தைக் கணக்குப் போட்டுடலாம். மூளையும் அணுக்கள்தான். அப்போ நான் எடுக்கிற முடிவெல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டது. 1927ல ஹைசன்பர்க்கோட நிச்சயமின்மைக் கொள்கை அந்தக் கணக்கை உடைச்சது. எலக்ட்ரானோட இடமும் உந்தமும் ஒரே நேரத்துல துல்லியமா இருக்க முடியாது.

இந்தக் கதையில நம்ம ஊரோட தொடர்புள்ள ஒரு பேர் வருது: இ.சி.ஜி. சுதர்சன். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில படிச்சு, 1980களில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தோட இயக்குநரா இருந்தவர். 1977ல அவரும் பைத்யநாத் மிஸ்ராவும் ஒண்ணு காட்டினாங்க: ஒரு குவாண்டம் அமைப்பை விடாம அளந்துக்கிட்டே இருந்தா, அது மாறாம அப்படியே நின்னுடும். பேரு ‘குவாண்டம் ஜீனோ விளைவு’. 1990ல அமெரிக்காவுல பெரிலியம் அயனிகளை வெச்சு இதைச் சோதனையிலயும் பார்த்தாங்க.

ஹென்றி ஸ்டாப்ங்கிற இயற்பியலாளர் இதை மூளைக்குக் கொண்டு வந்தார். ஒரு எண்ணத்துல கவனத்தை வைக்கிறதும் திரும்பத் திரும்ப அளக்கிற மாதிரிதான். அந்த எண்ணம் கலையாம நிக்கும், அதுதான் மனவுறுதி என்றார். 2000ல மேக்ஸ் டெக்மார்க் கணக்குப் போட்டு மறுத்தார்: சூடான மூளையில குவாண்டம் நிலை ஒரு நொடியில பத்து லட்சம் கோடியில ஒரு பங்குக்குள்ள சிதைஞ்சிடும், நியூரான் இயங்க மில்லிநொடிகள் வேணும். ஸ்டாப் அதுக்கும் பதில் சொல்லியிருக்கார்.

யார் சொல்றது சரியா இருந்தாலும், நிச்சயமின்மை மட்டும் சுதந்திரம் ஆகாது. கோயில்ல பூப்போட்டுப் பார்க்கிறோம். சிவப்பா, வெள்ளையா, யாராலயும் முன்னாடியே சொல்ல முடியாது. வந்ததும் “நான் முடிவு பண்ணேன்”னா சொல்றோம்? “சாமி உத்தரவு குடுத்துடுச்சு”ங்கிறோம். தலைக்குள்ள ஒரு எலக்ட்ரான் பூப்போட்டாலும் அதே கதைதான்.

அடையாறு சிக்னல்ல சிவப்பு விழுந்தும் ஒருத்தர் நிக்காம போறார். “என் நியூரான் விதிப்படி ஓடுச்சு”ன்னாலும், “எலக்ட்ரான் தற்செயலா அந்தப் பக்கம் விழுந்துச்சு”ன்னாலும் டிராஃபிக் போலீஸ் விடமாட்டார். அவர் பார்க்கிறது வேற: சிக்னலைப் பார்த்தாரா, நிக்க முடிஞ்சுதா, அவசரத்தைப் பெரிசா நினைச்சாரா? ஒரு முடிவு என் காரணங்கள்ல இருந்து வந்தா அது என்னுடையது, பொறுப்பும் என்னுடையது. எலக்ட்ரானைப் பத்தின எந்தக் கண்டுபிடிப்பும் அந்தப் பொறுப்பைக் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல.

ஆனா, அந்தக் காரணம் நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே மூளை தயாராகிடுதுன்னா? அடுத்த எபிசோட்ல பெஞ்சமின் லிபெட்டோட 1983 சோதனையைப் பார்ப்போம்.