மயிரிழையில் கைமாறிய தங்கம்! வில்லில் மாட்டிய வளையம் பற்றி இதெல்லாம் தெரியுமா?

பாரிஸ், 2024 ஆகஸ்ட் 4. ஒலிம்பிக் வில்வித்தை, ஆண்கள் தனிநபர் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் தென்கொரியாவின் கிம் வூ ஜின், மறுபக்கம் அமெரிக்காவின் பிராடி எலிசன். கடைசி செட்டில் இருவருமே 30-க்கு 30. ஆட்டம் 5-5. இனி ஆளுக்கு ஒரே ஓர் அம்பு. யாருடையது நடுவுக்குப் பக்கமோ அவருக்குத் தங்கம். கிம் எய்தார், 10. எலிசன் எய்தார், அவருக்கும் 10! அளந்து பார்த்தார்கள். கிம்மின் அம்பு நடுப்புள்ளியிலிருந்து 55.8 மி.மீ., எலிசனின் அம்பு 60.7 மி.மீ. வித்தியாசம் 4.9 மி.மீ. அரை சென்டிமீட்டர்கூட முழுசாக இல்லை!

இதற்கே வாயைப் பிளந்தால் எப்படி? அந்த 4.9 மி.மீ. என்பது 70 மீட்டர் தள்ளி நிற்கும் பலகையில் தெரிந்த வித்தியாசம். வீரரின் கண்ணெதிரே, வில்லில் மாட்டியிருக்கும் ‘சைட்’ வளையத்தில் அது எவ்வளவு? கண்ணுக்கும் வளையத்துக்கும் இடையே ஏறத்தாழ 90 செ.மீ. என்று வைத்துக்கொண்டு விகிதக் கணக்குப் போடுங்கள். வளையத்தில் 1 மி.மீ. பிசகினால் பலகையில் கிட்டத்தட்ட 8 செ.மீ. பிசகும். அப்படியானால் பலகையில் 4.9 மி.மீ. என்பது வளையத்தில் சுமார் 0.06 மி.மீ. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் அவ்வளவுதான்! மயிரிழையில் தவறியது என்று பேச்சுவாக்கில் சொல்கிறோமே, இங்கே அது அளவுகோல் பிடித்துச் சொன்ன உண்மை.

பத்துப் புள்ளி வட்டம் 12.2 செ.மீ. அகலம். நட்டநடுவில் குறிவைத்தவரின் சைட், ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் போதும், அம்பு ஒன்பதில் போய்க் குத்தும். கை, மூச்சு, விரல் எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருந்தாலும் ஒன்பதுதான்!

சரி, இந்தச் சைட் எப்படித்தான் இருக்கும்? வில்லின் கைப்பிடியிலிருந்து இலக்கை நோக்கி ஒரு பட்டை நீளும். அதன் நுனியில், அளவுக்கோடுகள் போட்ட ஒரு தண்டு செங்குத்தாக நிற்கும். அந்தத் தண்டில் ஏறி இறங்க ஒரு சிறு கட்டை. கட்டையில் குத்திய கம்பியின் முனையில் வளையம். மேல் கீழாக நகர்த்த ஒரு திருகு, இடம் வலமாக நகர்த்த இன்னொரு திருகு. திருகைத் திருப்பும்போது ‘டிக்... டிக்...’ என்று விரலில் படும். எத்தனை டிக் என்பதுதான் வீரரின் கணக்கு. எய்யும் ஒவ்வொரு முறையும் வில் அதிர்வதால், பூட்டுத் திருகு தளர்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வது பலருக்கும் பழக்கம். ஜப்பானின் ஷிபுயா நிறுவனம் செய்யும் சைட்டை ஒலிம்பிக் வரிசையில் பல வில்களில் பார்க்கலாம். வளையத்துக்குள்ளே என்ன இருக்கும் என்கிறீர்களா? சிலருக்கு ஒரு புள்ளி. சிலருக்கு ஒன்றுமே கிடையாது, வெறும் ஓட்டைதான்!

புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் முதலில் தலையைச் சொறியும் இடம் ஒன்று உண்டு. இலக்கு தூரமாகப் போனால் சைட்டை மேலே ஏற்ற வேண்டுமா, கீழே இறக்க வேண்டுமா? கீழே! வளையத்தைக் கீழே இறக்கினால், அதை இலக்கின் நடுவுக்குக் கொண்டுவர வில்லையே மேலே தூக்கியாக வேண்டும். அம்பும் மேல்நோக்கிப் புறப்படும். ஒலிம்பிக் வில்லின் அம்பு மணிக்குச் சுமார் 200 கி.மீ. வேகத்தில் கிளம்பினாலும், 70 மீட்டரைக் கடக்க ஒரு நொடிக்குச் சற்று மேலே ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை 6 மீட்டருக்கும் கூடுதலாகக் கீழே இழுத்துவிடும். அதாவது வீரரின் கண் இலக்கின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்பின் முகம் அதற்கு இரண்டு மாடி உயரத்துக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது! இரண்டு கோடுகளுக்கும் நடுவே உட்கார்ந்து பஞ்சாயத்து செய்வதுதான் சைட்டின் வேலை.

அம்பு தப்பினால் திருத்துவதும் இதேபோல் தலைகீழ்தான். அம்புகள் இடதுபக்கம் விழுகின்றனவா? சைட்டை இடதுபக்கமே தள்ளு. மேலே விழுகின்றனவா? மேலேயே தள்ளு. அம்பு போன திசையில் வளையமும் போக வேண்டும் என்பதுதான் உலகெங்கும் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுக்கும் சூத்திரம். ஆனால் ஒரே ஓர் அம்பை நம்பித் திருகைத் தொடக் கூடாது. மூன்று, நான்கு அம்புகள் ஒரே இடத்தில் கூடி விழுந்தால்தான் தப்பு சைட்டில் இருக்கிறது. சிதறி விழுந்தால் எய்தவரிடம்! இந்த வளையம் கறாரானது. ஆள் நேற்றுப் போலவே இன்றும் இழுத்து, அதே இடத்தில் தாடையில் கையைப் பதித்து, அதே மாதிரி விட்டால்தான் அது சொல்வது செல்லும். இல்லையென்றால் அது கண்ணுக்கு முன்னால் தொங்கும் வெறும் அலங்காரம்.

இத்தனை நுணுக்கம் பார்க்கிறார்களே, ஒரு பூதக்கண்ணாடியையும் மாட்டிக்கொண்டால் என்ன? மாட்டக் கூடாது! ஒலிம்பிக்கில் இதுவரை இடம்பெற்ற ரிகர்வ் வில்லில் லென்ஸுக்குத் தடை. ரசமட்டக் குமிழுக்குத் தடை. மின்சாதனங்களுக்குத் தடை. ஒன்றுக்கு மேற்பட்ட குறிப்புள்ளிக்கும் தடை. வளையத்துக்குப் பதில் குழாய் வைத்தால் அதன் நீளம் 2 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. துப்பாக்கியில் முன்குறி, பின்குறி என்று இரண்டு உண்டல்லவா? இங்கே பின்குறி மாட்டவும் வழியில்லை. பிறகு எப்படி நேர் பார்க்கிறார்கள்? மூக்குக்குப் பக்கத்தில் இழுபட்டு நிற்கும் நாண், கண்ணுக்கு ஒரு மங்கலான கோடாகத் தெரியும். அந்த மங்கலை வில்லின் விளிம்பிலோ வளையத்தின் ஓரத்திலோ ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒட்டிவைக்கிறார்கள். நாண், வளையம், இலக்கு மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன; கண்ணால் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும். மீதி இரண்டும் மங்கலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடப் பழக வேண்டும்.

மங்கல் என்றதும் இவரைச் சொல்லாமல் இருக்க முடியுமா! தென்கொரியாவின் இம் டோங் ஹியூன். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் தரவரிசைச் சுற்றில் 72 அம்புகளில் 720-க்கு 699 எடுத்து உலக சாதனை படைத்தவர். அவருடைய இடது கண் பார்வை 20/200! நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டரிலிருந்து படிப்பதை, அந்தக் கண்ணால் படிக்க 6 மீட்டருக்குக் கிட்டே வர வேண்டும். மூக்குக்கண்ணாடி போடாமலேயே எய்தார். பலகையில் கோடுகள் தெரியாது. நீலம், சிவப்பு, மஞ்சள் என்று வண்ணத் திட்டுகள்தான் தெரியும். வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் உட்காரவைக்கும் வேலையை மனித மூளை தானாகவே செய்துவிடும். அதற்கு எழுத்துப் படிக்கும் கூர்மை தேவையில்லை.

அதே மூளை காலை வாரிவிடுவதும் உண்டு. வில்லாளிகள் பேயைவிட அதிகம் பயப்படும் நோய் அது. வளையம் கீழிருந்து மெல்ல ஏறும். மஞ்சளுக்குச் சற்றுக் கீழே போய் நின்றுவிடும். எவ்வளவு முயன்றாலும் உள்ளே நுழையாது. அல்லது மஞ்சளைத் தொட்ட கணமே விரல் தன்னிச்சையாக நாணை விட்டுவிடும். உடம்பில் ஒரு கோளாறும் இருக்காது! இதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? சைட்டைக் கழற்றி வைத்துவிட்டு, இலக்குத் தாளே இல்லாத வெறும் பலகையின் எதிரே, சில அடி தூரத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு எய்வது. வாரக்கணக்கில்கூட!

காற்றடித்தால்? தனிநபர் ஆட்டத்தில் ஓர் அம்புக்கு 20 விநாடிதான். அதற்குள் எங்கே திருகைத் திருப்ப! சைட்டைத் தொடாமல், காற்று வரும் பக்கமாகச் சிவப்பிலோ நீலத்திலோ வேண்டுமென்றே குறிவைப்பார்கள். தொலைக்காட்சியில் பார்க்கிற நமக்கு அது நடுவைக் குறிவைத்த அம்பாகத்தான் தோன்றும்.

காட்டிலும் மலைச்சரிவிலும் நடக்கும் ஃபீல்டு போட்டியில் வேடிக்கை இன்னும் அதிகம். மலைமேல் இருக்கும் இலக்கை நோக்கி எய்தால் அம்பு தாழப் போகும், பள்ளத்தை நோக்கி எய்தால் உயரப் போகும் என்றுதானே நினைப்போம்? இரண்டிலும் உயரத்தான் போகும்! அம்பை இழுக்கும் புவியீர்ப்புக்குச் சரிவின் நீளம் கணக்கில்லை. கிடைமட்டத் தூரம்தான் கணக்கு. 30 டிகிரி சரிவில் 60 மீட்டர் தள்ளி இலக்கு இருந்தால், சைட்டை ஏறத்தாழ 52 மீட்டருக்கு வைக்க வேண்டும். பாதி இலக்குகளுக்குத் தூரத்தையே சொல்லமாட்டார்கள், கண்ணாலேயே மதிப்பிட வேண்டும் என்பது கொசுறு.

லென்ஸும் ரசமட்டமும் கேட்டீர்களே, அவை இருப்பது காம்பவுண்ட் வில்லில். அமெரிக்காவின் மிசௌரிக்காரர் ஹோலஸ் வில்பர் ஆலன் 1966-இல் காப்புரிமை கேட்டு, 1969-இல் பெற்ற கண்டுபிடிப்பு இது. இரு முனையிலும் உருளைகள் வைத்த வில். இதில் நாணுக்கு நடுவே ‘பீப்’ என்ற சின்ன ஓட்டை; முன்னால் லென்ஸ் பதித்த ‘ஸ்கோப்’; அதன் அடியில் குமிழ். பீப்பின் வட்டத்துக்குள் ஸ்கோப்பின் வட்டம், அதற்குள் இலக்கின் வட்டம் என்று மூன்றையும் அடுக்கிவிட்டு எய்ய வேண்டும். இந்த வில்லில் நம்மவர்கள் பட்டையைக் கிளப்புகிறார்கள்! 2023-இல் பெர்லினில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் ஓஜஸ் தேவ்தலே 15 அம்புகள் எய்தார். பதினைந்தும் பத்து. 150-க்கு 150! அதே நாளில் அதிதி சுவாமி 17 வயதிலேயே உலகச் சாம்பியன் ஆனார். பிறவியிலேயே கைகள் இல்லாத ஷீத்தல் தேவி, காலால் வில்லைப் பிடித்து 2024 பாரிஸ் பாராலிம்பிக்கின் தரவரிசைச் சுற்றில் 720-க்கு 703 எடுத்தார்.

சைட் ஏதோ நேற்று முளைத்த சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். சீனாவில், சோங் அரசமரபின் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் ஷென் குவோ. ஹாய்ஜோவில் மண்ணைத் தோண்டியபோது கிடைத்த ஒரு பழைய குறுக்குவில் விசையைப் பார்க்கிறார். கண்ணுக்கு நேரே நிமிர்ந்து நிற்கும் அதன் பகுதியில், அளவுகோல்போலக் கோடுகள்! எதற்கு இந்தக் கோடுகள் என்று யோசித்தவர், அம்பின் முனையைக் கண்ணால் பார்த்து அந்தக் கோடுகளோடு பொருத்திக் குறி ஏற்றி இறக்கியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டார். செங்கோண முக்கோணத்தை வைத்து உயரம் அளக்கும் அதே கணக்குதான் இது என்றும் எழுதிவைத்தார். அதோடு விட்டாரா? நெட்டுக்கு மூன்றும் குறுக்கே மூன்றுமாகக் கோடு அமைத்து, அம்பின் முனையை அவற்றோடு பொருத்தித் தானே எய்து பார்த்தார். பத்துக்கு ஏழு, எட்டு பட்டதாம்! பெரிய ஆய்வாளர்கள் பலரைவிட இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போக அந்த ஒரு சோதனை போதும்.

ஐரோப்பாவில் கைவில்காரர்கள் வெகுகாலம் சைட் இல்லாமலே ஓட்டினார்கள். இங்கிலாந்தின் ஹோரஸ் ஃபோர்ட், அம்பின் முனையை வேறொரு இடத்தில் பொருத்தி இலக்கை அடிக்கும் முறையைக் கையாண்டார். 1857-இல் அப்படி எய்த 288 அம்புகளில் 245 இலக்கில் பட்டன, 1,251 புள்ளிகள்! நெடுங்காலம் அந்தச் சாதனையை யாரும் அசைக்கவில்லை. ஜப்பானின் கியூடோ வில்லாளிகள் இன்றும் 28 மீட்டரில் இருக்கும் 36 செ.மீ. இலக்கை, வில்லில் சுற்றிய பிரம்புக் கட்டுக்கு நேராகப் பார்த்தே எய்கிறார்கள். கொரியாவின் மரபு வில்லுக்கு 145 மீட்டர் தூரம். அதிலும் சைட் கிடையாது.

பார்வையே இல்லாதவர்களுக்கும் சைட் உண்டு, தெரியுமா? தரையில் ஒரு தாங்கி. அதிலிருந்து நீளும் கம்பியின் முனையில் ஒரு சிறு குமிழ். வில்லை உயர்த்தும்போது பிடித்த கையின் புறங்கை அந்தக் குமிழில் மெல்லப் படும். பட்ட இடம் சரியாக இருந்தால் குறி சரி! பாதம் எங்கே வைப்பது என்பதற்கும் தரையில் அடையாளக் கட்டை இருக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் உதவியாளர், அம்பு எந்த நிறத்தில், கடிகாரத்தின் எந்த மணித் திசையில் விழுந்தது என்று சொல்வார். அதைக் கேட்டுக் குமிழை நகர்த்துவார்கள். 30 மீட்டரில் நடக்கும் இந்தப் போட்டிகளின் ஒரு பிரிவில், எள்ளளவு பார்வைகூடத் துணைக்கு வரக் கூடாது என்று எல்லோருக்கும் கண்ணைக் கட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு கோடியில் வேட்டைக்கார வில்கள். 20 கஜத்துக்கு ஒன்று, 30-க்கு ஒன்று, 40-க்கு ஒன்று என்று பச்சையும் சிவப்புமாக ஒளியிழைப் புள்ளிகள். 2018-இல் கார்மின் நிறுவனம் ஒரு படி மேலே போனது. பொத்தானை அழுத்தினால் லேசர் தூரத்தை அளக்கும். அந்தத் தூரத்துக்கு ஏற்ற இடத்தில் ஒளிப்புள்ளி தானாகவே எரியும்! சர்வதேச இலக்குப் போட்டிகளில் இதற்கு அனுமதி கிடையாது. வில்லில் பேட்டரிக்கே இடமில்லை.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாகச் சேர்கிறது. லென்ஸும் குமிழும் வைத்த சைட்டோடு ஒலிம்பிக்கில் எய்யப்போவது அங்கேதான் முதல்முறை. பார்க்கும்போது அம்பை விடும் கணத்தை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டு அம்புகளுக்கு நடுவே, யாராவது தலையைக் குனிந்து திருகில் விரலை வைக்கிறார்களா, எத்தனை டிக் திருப்புகிறார்கள் என்று கவனியுங்கள்.